முதியோருக்கு மூன்றாவது ஊசி: காத்தது எவ்வளவு, கைவிட்டது எவ்வளவு?

கரோனா தீநுண்மியின் புதிய வகை ஒன்று தலைகாட்டும் போதெல்லாம் தலைநகரில் ஒரே காட்சிதான் அரங்கேறுகிறது. மத்திய சுகாதார அமைச்சகத்தில் ஆய்வுக் கூட்டம் நடக்கிறது. மாநிலங்களுக்குக் கடிதம் பறக்கிறது. படுக்கைகள், ஆக்சிஜன், பரிசோதனைக் கருவிகள் ஆகியவற்றின் இருப்பு சரிபார்க்கப்படுகிறது. 2023 டிசம்பரில் ஜே.என்.1 வகை கேரளத்தில் கண்டறியப்பட்டபோதும், 2025 மே, ஜூன் மாதங்களில் என்.பி.1.8.1, எல்.எஃப்.7 ஆகிய வகைகள் பரவியபோதும் இதுவே நடந்தது.

2025 ஜூன் இரண்டாவது வாரத்தில் நாடு முழுவதும் சிகிச்சையில் இருந்தோர் எண்ணிக்கை 7 ஆயிரத்தைக் கடந்தது. பெரும்பாலானோருக்கு நோய் லேசாகவே இருந்தது, வீட்டிலேயே குணமடைந்தனர். உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர்கள் அல்லது சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகக் கோளாறு போன்ற இணைநோய்கள் உள்ளவர்கள். சில வாரங்களில் பரவல் தணிந்தது. செய்தியும் உள்பக்கத்துக்குப் போய்விட்டது.

ஆனால், 2021-இல் இரண்டு ஊசியும் 2022-இல் மூன்றாவது ஊசியும் போட்டுக்கொண்ட 70 வயதுக்காரர் ஒருவர் கேட்கக்கூடிய எளிய கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த ஊசி இன்னும் காக்குமா? காக்காது என்றால் அடுத்த ஊசி எங்கே? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இக்கேள்விக்கு ஆண்டுதோறும் அரசு விடை சொல்கிறது. அந்த விடை மாறுவதும் உண்டு, அதன்மீது சர்ச்சைகளும் உண்டு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரின் எண்ணிக்கை 2021-இல் 13.8 கோடி என மத்திய புள்ளியியல் துறை கணித்தது. இத்தனை பேரைத் தொடும் கேள்விக்கு மூன்றாவது தவணையோடு அரசின் விடை நின்றுவிட்டது.

பெயர் மாறிய பூஸ்டர்

2021 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடையே உரையாற்றிய பிரதமர் நரேந்திர மோடி, ‘பூஸ்டர்’ என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. ‘முன்னெச்சரிக்கைத் தவணை’ என்றார். கர்நாடகத்தில் முதல் இரண்டு ஒமைக்ரான் பாதிப்புகள் உறுதிசெய்யப்பட்டு அப்போது மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. 2022 ஜனவரி 10-ஆம் தேதி சுகாதாரப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள், இணைநோய் உள்ள 60 வயதைக் கடந்தோர் ஆகியோருக்கு இந்தத் தவணை தொடங்கியது. இணைநோய் என்ற நிபந்தனை மார்ச் 16-இல்தான் நீக்கப்பட்டது. முதியோர் நலன் குறித்து மத்திய அரசே நடத்திய லாசி ஆய்வின்படி, முதியோரில் நான்கில் மூவருக்கு ஏதேனும் ஒரு நாள்பட்ட நோய் உண்டு. அப்படியிருக்க, அந்த இரண்டு மாத நிபந்தனையால் யாருக்கு என்ன பயன் விளைந்தது என்பது விளங்கவில்லை.

அதைவிடப் பெரிய தடை, இரண்டாவது தவணைக்கும் மூன்றாவது தவணைக்கும் இடையே வகுக்கப்பட்ட 9 மாத இடைவெளி. 60 வயதைக் கடந்தோருக்குத் தடுப்பூசி தொடங்கியது 2021 மார்ச் 1-ஆம் தேதி. அப்போது கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடையே 4 முதல் 6 வாரம் போதும் என்றிருந்தது. அந்த மாத இறுதியில் அது 6 முதல் 8 வாரமாகவும், மே 13-ஆம் தேதி 12 முதல் 16 வாரமாகவும் நீட்டிக்கப்பட்டது. ஆகவே, ஏப்ரல் பிற்பகுதியில் முதல் ஊசி போட்டுக்கொண்ட முதியவருக்கு இரண்டாவது ஊசி கிடைத்தபோது ஜூலை மாதம் பிறந்துவிட்டது. அங்கிருந்து 9 மாதங்களை எண்ணினால் 2022 ஏப்ரல். ஒமைக்ரான் அலையோ ஜனவரி மூன்றாவது வாரத்தில் ஒரே நாளில் 3 லட்சத்துக்கும் அதிகமானோரைப் பீடித்து, உச்சம் தொட்டு, மார்ச் மாதத்துக்குள் ஓய்ந்துவிட்டது. எந்த அலைக்காக முன்னெச்சரிக்கை அறிவிக்கப்பட்டதோ, அந்த அலை கடந்த பிறகே முதியோரில் கணிசமானோருக்கு அதைப் பெறும் தகுதி கிட்டியது. இடைவெளி 6 மாதமாகக் குறைக்கப்பட்டது 2022 ஜூலை 6-ஆம் தேதி.

தொற்றையா, மரணத்தையா?

பூஸ்டர் ஊசி பயனற்றது என்போரும் அதுவே அருமருந்து என்போரும் பெரும்பாலும் வெவ்வேறு பொருளைப் பற்றியே பேசுகின்றனர். தொற்றைத் தடுப்பது ஒன்று; தொற்றிய பின் தீவிர நோயையும் மரணத்தையும் தடுப்பது வேறொன்று.

ஊசி போட்ட சில வாரங்களில் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் பெருகுகின்றன. தீநுண்மி மனித செல்லைப் பற்றிக்கொள்ளப் பயன்படுத்தும் ஸ்பைக் புரதத்தை இவை அடையாளம் கண்டு மறிக்கின்றன. ஒமைக்ரானின் ஸ்பைக் புரதத்தில் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. பழைய உருவத்தைப் பார்த்துப் பழகிய எதிர்ப்பொருள்களில் பல அதனைத் தவறவிட்டன. ஆனால், டி செல்கள் எனப்படும் இரண்டாம் நிலைக் காவலர்கள் தீநுண்மியின் பல சிறு துண்டுகளை நினைவில் வைத்திருப்பவை. ஓரிடத்தில் உருமாறினாலும் மற்ற அடையாளங்களை வைத்து அவை பகைவனைக் கண்டுகொள்கின்றன. ஊசி போட்டும் காய்ச்சல் வந்தது, ஆனால் மருத்துவமனைக்குப் போக நேரவில்லை என்று லட்சக்கணக்கானோர் கூறியதன் பின்னணி இதுதான்.

முதுமையில் இந்த இரண்டாம் காவலும் தளர்கிறது. புதிய டி செல்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி வயது ஏற ஏறச் சுருங்கிவிடுகிறது. ஊசிக்குக் கிடைக்கும் எதிர்வினை குறைவாகத் தொடங்கி விரைவில் தேய்கிறது. 30 வயதுக்காரருக்குத் தேவைப்படாத நினைவூட்டல் 75 வயதுக்காரருக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

இதனை முதன்முதலில் பெரிய அளவில் எண்ணிக்காட்டிய நாடு இஸ்ரேல். டெல்டா வகை பரவிய 2021 ஜூலை 30-ஆம் தேதி அங்கு 60 வயதைக் கடந்தோருக்கு மூன்றாவது ஃபைசர் ஊசி தொடங்கியது. இரண்டு ஊசியோடு நின்றவர்களுடன் ஒப்பிட்டபோது, மூன்றாவது ஊசி போட்டவர்களிடையே தொற்று 11 மடங்குக்கு மேலும், தீவிர நோய் 19 மடங்குக்கு மேலும் குறைவாக இருந்தது. ஒமைக்ரான் காலத்தில் நான்காவது ஊசி போட்டபோது பலன் சுருங்கியது. நான்காவது வாரத்தில் தொற்று பாதியாகவும், தீவிர நோய் மூன்றரை மடங்கும் குறைந்தன. எட்டாவது வாரத்துக்குள் தொற்றைத் தடுக்கும் பலன் ஏறத்தாழக் கரைந்துவிட்டது. தீவிர நோய்க்கு எதிரான பாதுகாப்போ ஆய்வு நடந்த ஆறு வாரங்களிலும் குறையவில்லை. இந்த இரு கோடுகளும் பிரிந்து செல்வதே முதியோர் பூஸ்டர் குறித்த விவாதத்தின் அச்சாணி.

ஹாங்காங்கில் 2022 தொடக்கத்தில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். இரண்டாண்டுகளாகத் தொற்றை எல்லையிலேயே தடுத்து நிறுத்திய அந்நகரில், முதியோரில் பலர் ஊசி போட்டுக்கொள்ளவே இல்லை. பக்கவிளைவு குறித்த அச்சம் ஒருபுறம், தொற்றுதான் இல்லையே என்ற நிம்மதி மறுபுறம். ஒமைக்ரான் நுழைந்தது. ஜனவரி 6 முதல் மார்ச் 21 வரை 5,906 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 96 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள். அந்த முதியோரில் 70 சதவீதத்தினர் ஒரு ஊசிகூடப் போடாதவர்கள். லேசான வகை என்று உலகம் முழுவதும் பேசப்பட்ட ஒமைக்ரான்தான் இத்தனை உயிர்களையும் பறித்தது.

நம் ஊசிக்கு எந்தக் கணக்கு?

இஸ்ரேலின் எண்களை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்த இயலாது. அங்கு போடப்பட்டது எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசி. இழப்பீட்டுப் பொறுப்பு யாருக்கு என்ற சர்ச்சையில் ஃபைசர், மாடர்னா ஆகிய நிறுவனங்களின் ஊசிகள் இந்திய அரசுத் திட்டத்துக்குள் வரவே இல்லை. இங்கு போடப்பட்ட 220 கோடி தவணைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கோவிஷீல்டு. எஞ்சியதில் பெரும்பகுதி கோவேக்ஸின்.

கோவிஷீல்டு என்பது ஆக்ஸ்ஃபோர்டு - அஸ்ட்ராஸெனெகா ஊசியின் இந்தியப் பெயர். பிரிட்டனில் அந்த ஊசியை இரு தவணை போட்டவர்களிடம், 20 வாரங்களுக்குப் பிறகு ஒமைக்ரான் காய்ச்சலைத் தடுக்கும் ஆற்றல் இல்லாமலே போயிருந்தது. ஃபைசர் ஊசியை மூன்றாவதாகப் போட்டபோது அது 62 சதவீதமாக எழுந்து, பத்து வாரங்களுக்குப் பின் 40 சதவீத அளவுக்கு இறங்கியது. அங்கு மூன்றாவது தவணையாக வேறு வகை ஊசி தரப்பட்டது. இந்தியாவிலோ முதலிரு தவணை எதுவோ அதுவே மூன்றாவதும் என்று விதி செய்யப்பட்டது.

ஊசியை மாற்றிப் போட்டால் என்ன என்ற கேள்விக்கு இந்தியாவில் விடை தேடியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. கோவேக்ஸின் போட்டவர்களுக்கு மூன்றாவதாகக் கோவிஷீல்டு தந்தபோது எதிர்ப்பொருள்கள் 6 முதல் 10 மடங்கு வரை பெருகின. கோவிஷீல்டு போட்டவர்களுக்குக் கோவேக்ஸின் தந்தபோது அத்தகைய பலன் தென்படவில்லை. பலன் இருவழியிலும் ஒரே சீராக இல்லை என்பதால் 2022 மே மாதம் இதனைப் பரிசீலித்த தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் நிபுணர்கள், மாற்றிப் போடுவதற்குப் பரிந்துரைக்கவில்லை. கோவேக்ஸின் போட்ட முதியோருக்கு மட்டுமாவது அந்த வழியைத் திறந்திருக்கலாம். ஆகஸ்ட் 12-ஆம் தேதி முதல் ஹைதராபாதின் பயலாஜிக்கல் இ நிறுவனத்தின் கோர்பேவாக்ஸ் மாற்று ஊசியாக அனுமதிக்கப்பட்டபோது, வேலூர் ஆய்வில் கண்ட அந்தப் பலன் யாருக்கும் நினைவில் இல்லை.

கோவேக்ஸினுக்கு நெருங்கிய ஒப்பீடு ஹாங்காங்கிலிருந்து கிடைக்கிறது. அங்கு பயன்பட்ட சீனத் தயாரிப்பான கரோனாவேக், கோவேக்ஸினைப் போலவே செயலிழக்கச் செய்த தீநுண்மியைக் கொண்டது. 60 வயதைக் கடந்தோரிடம் இரண்டு தவணை கரோனாவேக் தீவிர நோயையும் மரணத்தையும் சுமார் 70 சதவீதம் தடுத்தது. ஃபைசர் சுமார் 90 சதவீதம். மூன்றாவது தவணைக்குப் பின் இரண்டும் 98 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றன. ஊசியின் வகையைவிடத் தவணையின் எண்ணிக்கையே முதியோருக்கு முக்கியம் என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது. இந்திய முதியோருக்கு மூன்றாவது ஊசி ஆடம்பரமல்ல, அடிப்படைத் தேவையாக இருந்தது.

காலாவதியான கோடிகள்

அந்த மூன்றாவது ஊசியைப் போட்டவர்கள் எத்தனை பேர்? 2022 ஜூலை நடுப்பகுதியில், தகுதி பெற்ற முதியோர், சுகாதார, முன்களப் பணியாளர்கள் என 16 கோடிப் பேரில் 26 சதவீதத்தினர் மட்டுமே அதனைப் பெற்றிருந்தனர். 18 முதல் 59 வயது வரையிலான 77 கோடிப் பேரில் ஒரு சதவீதத்தினர்கூட இல்லை. பின்னவர்களுக்குத் தனியார் மருத்துவமனையே வழி. ஊசி விலை ரூ.225, சேவைக் கட்டணம் ரூ.150 வரை. தில்லி உள்ளிட்ட சில மாநில அரசுகள் தம் செலவில் இலவசமாக வழங்கின. சர்க்கரை நோயோடு வாழும் 55 வயதுக் கட்டடத் தொழிலாளி இந்த ஏற்பாட்டில் ‘இளைஞர்’ பட்டியலில் சேர்க்கப்பட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சுதந்திர அமுதப் பெருவிழாவையொட்டி ஜூலை 15 முதல் 75 நாள்களுக்கு அனைவருக்கும் இலவசம் என்று மத்திய அரசு அறிவித்தது. வீடு தேடிச் செல்லும் இயக்கமும் நடந்தது. ஆயினும், டிசம்பர் 21-ஆம் தேதி நீதி ஆயோக் உறுப்பினர் வி.கே. பால் வெளியிட்ட கணக்கு 27 முதல் 28 சதவீதம்.

ஊசிக்குப் பஞ்சம் என்று இதற்குக் காரணம் கூற முடியாது. கோவிஷீல்டு உற்பத்தியை 2021 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டதாகவும், கையிருப்பில் சுமார் 10 கோடி தவணைகள் காலாவதியாகிவிட்டதாகவும் சீரம் நிறுவனத் தலைமைச் செயல் அதிகாரி அதார் பூனாவாலா 2022 அக்டோபரில் தெரிவித்தார். தடுப்பூசிக்காக 2021-22 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட்டது ரூ.35 ஆயிரம் கோடி, 2022-23-இல் ரூ.5 ஆயிரம் கோடி. மக்களின் சலிப்பு உண்மை. ‘லேசான நோய்’ என்று ஓயாமல் ஒலித்த குரல் முதியோர் காதிலும் விழுந்தது என்பதும் உண்மை. எனினும், முதல் இரு தவணைகளுக்குக் காட்டிய முனைப்பில் பாதியைக்கூட மூன்றாவதற்கு அரசு காட்டவில்லை. 100 கோடி தவணை எட்டியபோது நினைவுச் சின்னங்களில் மூவண்ண விளக்கேற்றிய ஆரவாரம், முதியோரின் மூன்றாவது தவணைக்கு வாய்க்கவில்லை.

பின்னர் வந்த ஊசிகளின் கதை இன்னும் சுருக்கமானது. பாரத் பயோடெக்கின் மூக்குவழி மருந்தான இன்கோவேக் 2023 குடியரசு தினத்தன்று அறிமுகமானது. தனியாரிடம் விலை ரூ.800. ஒமைக்ரானுக்கென்றே புணேயின் ஜெனோவா நிறுவனம் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் உதவியுடன் உருவாக்கிய எம்.ஆர்.என்.ஏ. ஊசியான ஜெம்கோவேக்-ஓ.எம்., 2023 ஜூன் 24-இல் மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங்கால் அறிமுகப்படுத்தப்பட்டது. சாதாரணக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கத்தக்க எம்.ஆர்.என்.ஏ. ஊசியை உருவாக்கியது உண்மையிலேயே சாதனை. அதற்குள் ஒமைக்ரானின் பழைய உருவம் மறைந்து எக்ஸ்.பி.பி. வகைகள் பரவியிருந்தன. உலக சுகாதார அமைப்பு 2023 மே மாதம் எக்ஸ்.பி.பி.1.5 வகைக்கும், 2024 ஏப்ரலில் ஜே.என்.1 வகைக்கும் ஏற்ப ஊசிகளை மாற்றியமைக்கப் பரிந்துரைத்தது. அவ்வாறு மாற்றிய ஊசி எதுவும் இந்திய அரசுத் திட்டத்தில் இடம்பெறவில்லை.

இப்போதைய கணக்கு

அப்படியானால் இன்றைய முதியவருக்கு மேலும் ஓர் ஊசி எவ்வளவு உதவும்? 2021-இல் உதவிய அளவுக்கு அல்ல. 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது தேசிய ரத்த மாதிரி ஆய்விலேயே, 6 வயதைக் கடந்தோரில் 67.6 சதவீதத்தினரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. அதன்பின் ஒமைக்ரான் வீடுவீடாகச் சென்றுவந்தது. ஊசியாலும் தொற்றாலும் சேர்ந்து கிடைத்த இரட்டைப் பாதுகாப்பின்மீது புதிய ஊசி கூட்டுவது சிறு பங்கே.

அந்தச் சிறு பங்கின் அளவும் தெரியும். அமெரிக்காவில் 2024-25 பருவத்துக்கான ஊசி, எதிர்ப்பாற்றல் குறைபாடு இல்லாத 65 வயதைக் கடந்தோரிடம் மருத்துவமனை அனுமதியைச் சுமார் 45 சதவீதம் குறைத்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டது. ஓய்வுபெற்ற படைவீரர்களிடம் ஆறு மாதம் நடந்த மற்றோர் ஆய்வில் மருத்துவமனை அனுமதி 39 சதவீதமும், மரணம் 64 சதவீதமும் குறைந்தன. பழைய 98 சதவீதத்தோடு ஒப்பிட்டு இதனை இளப்பமாகக் கருதுவது தவறு. முன்பு ஒப்பீடு, ஊசியே போடாத, தொற்றே காணாத மக்களுடன். இப்போதைய ஒப்பீடு, பலமுறை ஊசியும் தொற்றும் கண்ட மக்களுடன். ஆயினும், ஆபத்தே சிறியதாக இருக்கும் காலத்தில் அதில் பாதியைக் குறைக்க எத்தனை கோடி செலவிடலாம் என்ற கேள்வி நியாயமானது. காசநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டிய நாட்டில் அதை ஒதுக்கிவிட முடியாது.

பிரிட்டன் அந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டது. 2023 இலையுதிர் காலத்தில் 65 வயதைக் கடந்தோர் அனைவருக்கும் ஊசி வழங்கிய அந்நாடு, செலவையும் பலனையும் கணக்கிட்டு, 2025 இலையுதிர் காலத்தில் 75 வயதைக் கடந்தோர், முதியோர் இல்லவாசிகள், எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோரோடு நிறுத்திக்கொண்டது. அமெரிக்கா 2025 மே மாதம் 65 வயதை எல்லையாக அறிவித்தது. உலக சுகாதார அமைப்பு 2023 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதலில், முதியோருக்கு முந்தைய தவணையிலிருந்து 6 அல்லது 12 மாதங்களில் மீண்டும் ஊசி என்று கூறியது. எல்லைக்கோடு எங்கே என்பதில் வேறுபாடு உண்டு. கோடு போட வேண்டும் என்பதில் இல்லை.

இந்தியாவில் அந்தக் கோட்டைப் போடுவதற்குக் களமே இல்லை என்பதுதான் சிக்கலின் வேர். தேசியத் தடுப்பூசித் திட்டம் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மையமாகக் கொண்டது. முதியோருக்கு ஃபுளூ ஊசியோ நிமோனியா ஊசியோ அதில் இல்லை. கரோனா காலத்தில்தான் முதன்முறையாக நாடு முழுவதும் முதியோர் தடுப்பூசி மையங்களில் வரிசையில் நின்றனர். அந்த வரிசையோடு அமைந்த கோவின் பதிவும், குளிர்பதன வசதியும், பயிற்சி பெற்ற செவிலியரும் நிரந்தர ஏற்பாடாக வளர்ந்திருக்கலாம். 2023-க்குப் பின் அவை குழந்தைகள் தடுப்பூசிப் பணிக்கே திரும்பிவிட்டன.

2024 அக்டோபர் 29-ஆம் தேதி, 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சை என்ற ஏற்பாடு தொடங்கப்பட்டது. சுமார் 6 கோடி முதியோர் இதில் வருகின்றனர். நுரையீரல் அழற்சியோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரும் முதியவரின் செலவை அந்த அட்டை ஏற்கும். அங்கு போகாமல் தடுக்கும் ஊசியை அந்த அட்டையைக் காட்டிப் போட்டுக்கொள்ள முடியாது.